சிரிப்புக்கு என்ன விலை?

லண்டன் பாதாள ரயிலில் பக்கத்து ஸீட் ஆசாமியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்... செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். ஆனால், தெரியாமல் அவர் காலை மிதித்துவிட்டால், 'ஸாரி' சொல்வதும் அவர்தான்!

அமெரிக்காவில், ஹூஸ்டன் ஓட்டல் சர்வர் பல்லெல்லாம் தெரிய 'ஹவ் ஆர் யூ?' என்பார். உடனே நம்ம முதுகுவலியை விவரிக்க ஆரம்பிச்சிடக் கூடாது. 'ஃபைன்!' அவ்வளவுதான்.

லண்டன் 'பப்' கவுன்டரில் டிப்ஸ் கட்டாயமில்லை. கூட வந்தவர்களுக்கு நம்ம முறை வரும்போது ஒரு ரவுண்டு வாங்கித் தராவிட்டால்தான் கெட்ட பேர். ஹூஸ்டனிலோ 15 முதல் 20 சதவிகிதம் வெச்சே ஆகணும். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து ஒரு சென்ட்கூட ஏறவில்லை! மிச்சத்தை டிப்ஸ்தான் நிரப்பணும்.

வைக்காமல் எழுந்தால், நாம் கை வைப்பது அவர் சம்பளத்தில், ஸார்!