சூடான ரொட்டி

கொழும்பிலிருந்து ரயிலேறி, தலவாக்கலையில் பஸ் மாறி அக்கரப்பத்தனை போய்ச் சேரும்போதெல்லாம் நேரே லயத்துக்குத்தான் நடப்பேன். டவுனில் உள்ள சாப்பாட்டுக் கடைகளை எட்டிப் பார்த்ததில்லை. கடையில் சாப்பிடுவது காசுக்குக் கேடு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்து பல வருடங்களுக்குப் பிறகு, 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. அச்சட்டம் எங்கிருந்து பிறந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இம்முறை மருந்து வாங்க டவுனுக்குப் போன எங்களை மழை ஒரு கடைக்குள் தள்ளியது. நான்கே மேசைகள். கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்புக்கறி, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ. நான் மூன்றாவது ரொட்டிக்குச் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றை மெல்லப் பிய்த்துத் தின்றார்.

"உப்பு கொஞ்சம் கூட" என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னொன்னு வாங்கு" என்றார்.

விடியுமுன் எழுந்து எங்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, தன் பங்கை மலைக்குக் கட்டிக்கொண்டு போனவர் அவர். பிறர் சுட்ட ரொட்டியை அவர் அமர்ந்து, சூடாகச் சாப்பிட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

டவுனில் இன்னும் சில கடைகள் பாக்கி. லீவை இரண்டு நாள் நீட்டித்துவிட்டேன்.