சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் ஒரு கிரகம்

ஆடி மாசம், நண்பன் வீட்டில் கிடா வெட்டு. திண்டுக்கல்லில் பஸ் பிடித்துக் கன்னிவாடி போய் இறங்கினேன். ஊருக்குப் பின்னால் மதில் கட்டின மாதிரி பழநி மலை. சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நடக்க முடியாமல், ராத்திரி தோட்டத்தில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்தேன். அடேயப்பா, எத்தனை நட்சத்திரம்! சென்னையில் என்றால் எண்ணுவதற்குப் பத்து விரல் போதும்.

பக்கத்துக் கட்டிலில் நண்பனின் அப்பா. "மலை மேல கொடைக்கானல்ல டெலஸ்கோப் வச்சு என்ன தம்பி பாக்குறாங்க?"

"சூரியனைப் பாக்குறாங்க ஐயா. 1899-ல அங்கே போறதுக்கு முன்னால வேலையெல்லாம் சென்னை நுங்கம்பாக்கத்துலதான்."

அந்த நுங்கம்பாக்கத்தில்தான் கேப்டன் ஜேக்கப் இருந்தார். '70 ஒஃபியூக்கி' என்று ஒரு ஜோடி நட்சத்திரம். சுமார் 17 ஒளியாண்டு தூரம். ஒன்றையொன்று சுற்றும் பாதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுக்கிறது போல என்று 1855-ல் எழுதினார் ஜேக்கப்.

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகிற பரம்பரை. ஜேக்கப் தள்ளியது ஒரு கிரகத்தை! பின்னால் வந்தவர்கள் கணக்கைச் சரிபார்த்து, அப்படியொன்று இல்லை என்று அடித்துவிட்டார்கள்.

ஆனால் பாருங்கள், நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை வைத்துக் கிரகத்தைப் பிடிக்கலாம் என்ற யோசனை தப்பில்லை. 1995-ல் மேயரும் கெலோவும் '51 பெகாசி'யில் அப்படித்தான் பிடித்தார்கள். 2019-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். இன்றைக்குப் பட்டியலில் 6,000 கிரகங்களுக்கு மேல்.

"அங்கெல்லாம் தண்ணி இருக்கா தம்பி?"

தூக்கிவாரிப் போட்டது. விஞ்ஞானிகளும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். தண்ணீர் கொதிக்காமலும் உறையாமலும் இருக்கிற தூரத்தில் கிரகம் சுற்றுகிறதா? அப்புறம்தான் மற்றதெல்லாம்.

"இங்க மூணு போர் போட்டாச்சு. கடைசி போர் அறுநூறு அடி. தேங்காய் வச்சுப் பாத்தவன் சத்தியமே பண்ணினான். வந்தது வெறும் புழுதி."

"அப்புறம்?"

"தையில நாலாவது போடணும். வாழைய விட்ர முடியுமா?"

ஜேக்கப்பின் நட்சத்திரம் நிற்கும் பக்கமாகக் கையை நீட்டினேன். அதற்குள் மலையிலிருந்து மேகம் இறங்கி மூடிவிட்டது.

"மழை வந்தா உங்க நட்சத்திரம் போயிருமே தம்பி?" என்றார்.

"போகட்டும் ஐயா. மழை வரட்டும்!"