நூல் கட்டி அனுப்புகிறவர்கள்

அறுவை அரங்கில் எடுத்த மார்பகத் திசு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் என் மேசைக்கு வரும். நான் நோய்க்குறியியல் மருத்துவர். பயாப்ஸி ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுகிறவள். நோயாளியின் முகத்தை நான் பார்ப்பது அபூர்வம். அறுவை செய்தவரின் கைவேலையைத்தான் அன்றாடம் பார்க்கிறேன். டப்பாவைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே, இதை எடுத்தவர் மார்பகப் புற்றுநோயோடு தினமும் வாழ்கிறவரா, எப்போதாவது தொடுகிறவரா என்று தெரிந்துவிடும்.

முதலில் தேடுவது நூலை. உடம்பை விட்டு வெளியே வந்த சதையில் மேல் எது, கீழ் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பழகிய சர்ஜன் அதை எடுத்த கையோடு தலைப்பக்கம் ஒரு குட்டை நூலும், அக்குள் பக்கம் ஒரு நீள நூலும் தைத்து, படிவத்திலும் எழுதி அனுப்புவார். அந்த நூல்களை வைத்துத்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறமாக மை பூசுகிறேன். பிறகு மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்து, புற்றணுக்கள் எந்த மையையாவது தொடுகின்றனவா என்று பார்க்கிறேன். ஊடுருவும் வகைப் புற்றில் எந்த மையையும் தொடவில்லை என்றால் விளிம்பு சுத்தம். 2014இல் அமெரிக்க அறுவை, கதிர்வீச்சு மருத்துவர் சங்கங்கள் கூடி வகுத்த அளவுகோல் அது. கீழ்ப்பக்கத்து நீல மையைத் தொட்டால், "கீழ்ப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும்" என்று சொல்ல முடியும். நூல் இல்லாமல் வந்த சதையில், ஏதோ ஓர் ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று மட்டுமே எழுத முடியும். எந்த ஓரம் என்று தெரியாததால் ஒரு பெண் முழு மார்பகத்தையும் இழக்க நேரலாம்.

அடுத்தது நேரம். எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டார்கள் என்று படிவத்தில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்கி, குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். சாயங்காலம் எடுத்ததை மறுநாள் காலை வரை அப்படியே வைத்திருந்தால் ஹார்மோன் ஏற்பிகள் சிதைந்துபோகும். இருக்கிற ஏற்பி இல்லை என்று ரிப்போர்ட் வரும். ஐந்தாண்டோ அதற்கு மேலோ சாப்பிட்டு நோய் திரும்பாமல் காத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை அந்தப் பெண்ணுக்கு எழுதப்படாமலே போகும். ஓர் அறுவை அரங்கின் ஒழுங்கு இவ்வளவு தூரம் போய்த் தாக்குகிறது.

ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுன்ட்டரில் நின்று என்னைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பெரும்பாலும் மகனோ தம்பியோ கணவரோதான். "டாக்டரம்மா, நீங்க எல்லாரு வேலையையும் பாக்குறீங்க. நல்ல சர்ஜனா ஒருத்தரு பேரு சொல்லுங்க." நான் பெயர் சொல்வதில்லை. முதல் சந்திப்பில் சர்ஜன் எதற்கு அவசரப்படுகிறார், எதற்குப் பொறுமை காக்கிறார் என்று கவனிக்கச் சொல்வேன்.

என் மேசைக்கு வருபவற்றில் என்னை மிகவும் வருத்துவது சின்ன பாட்டில்தான். உள்ளே ஐந்தாறு துண்டுகளாகச் சதை. படிவத்தில் "மார்பில் கட்டி" என்ற இரண்டு வார்த்தை. சாதாரண நார்க்கட்டியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, மேமோகிராமும் இல்லாமல், ஊசி பரிசோதனையும் இல்லாமல், மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்திருப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் புற்று. கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது? துண்டுகளை வைத்துச் சொல்ல முடியாது. விளிம்பு? சொல்ல முடியாது. அடுத்து வரும் சர்ஜனுக்குத் தழும்பு தெரியுமே தவிர, கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியாது. அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய தகவல்களை அந்த அவசரம் அழித்துவிட்டது.

ஆகவே கத்திக்கு முன் ஊசி. தடித்த ஊசியால் நூல் போல நாலைந்து சதைத் துணுக்குகளை எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸி போதும். புற்றா இல்லையா, எந்த வகை, ஹார்மோன் ஏற்பி உண்டா, ஹெர்2 என்ற ஏற்பி உண்டா என்று எல்லாவற்றையும் அதிலேயே சொல்லிவிடுவேன். உறிஞ்சி எடுக்கும் மெல்லிய ஊசியில் இத்தனையும் நம்பகமாகக் கிடைக்காது. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. அப்படிக் குத்தியதால் ஆயுள் குறைந்தது என்பதற்குச் சான்று இல்லை. குத்தாமல் வெட்டியதால் வந்த சேதத்தை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

வகை முன்பே தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம்? ஹெர்2 வகையோ, இரண்டு ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 ஆகிய மூன்றும் இல்லாத வகையோ, கட்டி 2 செ.மீ.க்கு மேல் இருந்தால், இன்று பெரும்பாலும் கீமோதான் முதலில், அறுவை பிறகு. கட்டி சுருங்கினால் மார்பகத்தைக் காப்பாற்ற வழி உண்டு. மருந்து கேட்கிறதா என்று கண்ணெதிரே தெரியும். கடைசியில் என்னிடம் வரும் திசுவில் புற்று மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து, அடுத்து கொடுக்கும் மருந்தே மாறும். கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் இந்தக் கதவுகள் எல்லாம் மூடிவிடும். கீமோ தொடங்குமுன் கட்டிக்குள் ஒரு சிறு உலோகக் கிளிப் வைக்கச் சொல்கிற சர்ஜனைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. கட்டி முழுக்கக் கரைந்துபோனாலும் அது இருந்த இடம் எங்களுக்குக் கிடைக்கும்.

இதற்கெல்லாம் நாள் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும். ஓரிரு வாரம். இந்த நோய் ஒரே ராத்திரியில் பாய்கிற நோய் இல்லை. மாதக்கணக்கில் நாட்டு மருந்து, வேண்டுதல் என்று தள்ளிப்போடுவதுதான் ஆளைக் கொல்கிறது. "நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்று சொல்கிற டாக்டர்மேல் நம்பிக்கை வருவது மனித இயல்பு. ஆனால் "இன்னும் இரண்டு டெஸ்ட் பார்த்துவிட்டு, கீமோ டாக்டரோடும் ரேடியேஷன் டாக்டரோடும் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்கிறவரிடம் என் அக்காவையே அனுப்புவேன்.

அனுபவமும் கூட்டு ஆலோசனையும் பலன் தரும் என்பது என் ஊகம் மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் 3,786 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 1996இல் வெளிவந்த ஆய்வு, மார்பகப் புற்றில் தனிக் கவனம் கொண்ட சர்ஜன்களிடம் போனவர்களில் ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருந்தவர்கள் 9 சதவீதம் அதிகம் என்று கண்டது. அதே வட்டாரத்தில் கிளாஸ்கோவில் 1995இல், பல துறை மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, பக்கத்துப் பகுதிகளைவிட மார்பகப் புற்றால் இறப்பது 18 சதவீதம் குறைந்தது. நம் பக்கத்தில் இதை டியூமர் போர்டு என்கிறார்கள். "எங்க கேஸ டியூமர் போர்டுல வைப்பீங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பெயருக்குப் பின்னால் எம்.சிஹெச். சர்ஜிகல் ஆங்காலஜி இருந்தால், எம்.எஸ். முடித்தபின் மூன்று ஆண்டு புற்று அறுவையையே படித்தவர் என்று அர்த்தம். அது நல்ல அடையாளம். ஆனால் மார்பகத்தையே முழு வேலையாகக் கொண்ட எம்.எஸ். சர்ஜன்களும் எனக்குத் தெரியும். அவர்கள் அனுப்பும் டப்பாவில் நூல் ஒருநாளும் தவறியதில்லை. பட்டத்தோடு, வருஷத்துக்கு எத்தனை மார்பக அறுவை செய்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். பணத்தை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். சென்னை அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கி, மருத்துவர் சாந்தா வாழ்நாள் முழுக்க வளர்த்த புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் புற்று அறுவைத் துறைகள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு.

முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு நம் வீடுகளில் பதில் சொல்வது பெரும்பாலும் மற்றவர்கள். "அம்பது வயசாச்சு, இனிமே எதுக்கு? மொத்தமா எடுத்துட்டா நிம்மதி" என்று அண்ணன் சொல்வார். அந்த அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அது அவர் உடம்பு. இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வந்தன. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும், மார்பகம் முழுதும் எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள். இரண்டு வழியையும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர்தான் நல்ல சர்ஜன். கதிர்வீச்சு மையம் நூறு கிலோமீட்டர் தள்ளி, வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரம் போய்வர ஆளில்லை என்று ஒரு பெண் முழுதும் எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தால் அதுவும் மதிக்க வேண்டிய தீர்மானமே. தீர்மானித்தது யார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அக்குளைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, மொத்தமாக வழித்து எடுத்தால் சிலருக்குக் கை வாழ்நாள் முழுக்க வீங்கியே இருக்கும். குடம் தூக்குகிற, மாவு அரைக்கிற கை அது. நோய் அங்கே எட்டாதது போலத் தெரிந்தால், நீலச் சாயம் செலுத்தி முதலில் சாயம் ஏறும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை உண்டு. அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே அவற்றை உறையவைத்துப் பார்த்து, நான் அரங்கத்துக்குப் போனில் சொல்வேன். சில சர்ஜன்கள் கையுறையைக் கழற்றிவிட்டு நேரே லேபுக்கு வந்து நுண்ணோக்கியில் தாங்களே குனிந்து பார்ப்பார்கள். அவர்களுடைய நோயாளிகளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு.

கடைசியாக, எந்த லேபில் பரிசோதனை நடந்தாலும், காகித ரிப்போர்ட்டோடு நிறுத்திவிடாமல் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் உடம்பின் பகுதி. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது சர்ஜனிடம் கருத்துக் கேட்கப் போனால், அங்குள்ள நோய்க்குறியியல் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். மறுபடி ஊசி குத்தாமல் பெரும்பாலான பரிசோதனைகளை அவற்றிலேயே செய்யலாம். ஸ்லைடைத் துணியில் சுற்றுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மெழுகு உருகிவிடும்.