வாசலில் நின்ற பறை

காஞ்சிபுரத்திற்கு அருகே உள்ள கூரம் என்னும் சிற்றூர், வைணவ அடியார் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அவரைப் பற்றி வழிவழியாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. பெருஞ்செல்வரான அவர், நாள்தோறும் வருவோர்க்கெல்லாம் அன்னமிட்டு, இரவில் தம் மாளிகையின் பெருங்கதவை மூடுவார். அந்த ஓசை காஞ்சி வரதர் கோயில் வரை கேட்குமாம். ஒருநாள் இரவு பெருந்தேவித் தாயார் அதைக் கேட்டு, அது என்ன ஓசை என வினவினாராம். இச்செய்தியை அறிந்த கூரத்தாழ்வான், தம் செல்வத்தின் ஓசை கோயில் வரை எட்டிவிட்டதே என்று நாணி, அனைத்தையும் துறந்து இராமாநுசரிடம் திருவரங்கம் சென்றார் என்பர்.

ஓர் ஓசை ஒரு மனிதரின் வாழ்வைத் திருப்பிவிட்ட கதை இது. அதே கூரத்தில் நம்மையும் ஓர் ஓசை நிறுத்திக் கேள்வி கேட்டது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற ஆண்டு நம் பள்ளித் தோழர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் பட்டு நெசவாளர். தறியில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு வேறு வண்ணம். இரண்டையும் ஒவ்வோர் இழையிலும் பூட்டிப் பூட்டி நெய்ய வேண்டும். அதற்கு மூன்று நாடாக்களும் இரண்டு ஆட்களும் தேவை. தந்தை தறியில் அமர்ந்திருக்க, கல்லூரியில் படிக்கும் மகன் அருகிலிருந்து கரை நாடாவை எறிந்து கொடுத்தான். அவனது கைப்பேசியிலிருந்து பாட்டு ஒன்று ஒலித்தது. பறையும் சட்டியும் முழங்கின. அவற்றினூடே மின்கிதார் அலறியது. ஓர் இளைஞர் பேச்சும் பாட்டுமாகச் சொற்களைப் பொழிந்தார்.

தந்தை நாடாவை நிறுத்திவிட்டார். "சாவு மேளத்தைத் தறிகிட்ட வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? சாமி, நீங்களே சொல்லுங்க, இது வீட்டுல கேக்குற பாட்டா?" என்றார். மகனும் நம்மைப் பார்த்தான். நாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை.

அந்தப் பாட்டு, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் சென்னை இசைக்குழுவினுடையது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' நிறுவிய இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து 2017இல் இக்குழுவை உருவாக்கினர். 'சாதி இல்லாத தமிழர்' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சிந்தனையே குழுவின் பெயருக்கு ஊற்று. தொடக்கத்தில் குழுவினர் 19 பேர். கானா பாடுவோர், சொல்லிசைக் கலைஞர், பறையும் சட்டியும் தவிலும் இசைப்போர், கிதாரும் மேலைநாட்டு டிரம்ஸும் வாசிப்போர் அதில் இருந்தனர். பெண் ஒருவரே: கானா பாடகி இசைவாணி. இவரைப் பிபிசி நிறுவனம் 2020ஆம் ஆண்டின் நூறு பெண்களுள் ஒருவராகத் தேர்ந்தது. நமக்கு அண்டையிலுள்ள அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவும் இக்குழுவில் பாடியவரே. 2021இல் அவர் தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்ததை அன்பர்கள் அறிவர்.

இவர்கள் முதன்முதலில் மேடையேறியது 2018 சனவரி 6ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் திடலில். அது மார்கழி மாதம். நகரத்துச் சபாக்களில் கச்சேரிகள் நடைபெறும் காலம். நம் மரபில் அந்நாள் மூன்று அரசர் திருநாளும் ஆகும். ஏறத்தாழ நாலாயிரம் பேர் திரண்டு வந்து கேட்டனர் என்று செய்தியாளர் எழுதினர். அதே ஆண்டில் குழுவின் முதல் இசைத்தொகுப்பும் வெளிவந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மகிழ்ச்சி'.

இப்பெயரே நம்மைச் சிந்திக்க வைத்தது. கானா எங்கே வளர்ந்தது? வடசென்னையின் குடிசைப் பகுதிகளில், சாவு வீட்டின் இரவு விழிப்பில். பறை எங்கே அழைக்கப்பட்டது? ஊருக்கு இறப்பைச் சொல்லவும் பிணத்தைச் சுடுகாடு சேர்க்கவும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைத்துப் பேசுகிறது. ஆண்டாளின் திருப்பாவையில் ஆயர்குலச் சிறுமியர் கண்ணனிடம் வேண்டுவதும் பறையே. அத்தகைய கருவியைச் சாவுக்கு மட்டும் உரியதாக்கி, அதை இசைக்கும் மனிதரைத் தீண்டத்தகாதவர் ஆக்கியது நம் சமூகம். அந்த இரண்டையுமே எடுத்து முதல் தொகுப்பைச் செய்தவர்கள், அதற்குத் துயரம் என்று பெயரிடவில்லை, சினம் என்றும் பெயரிடவில்லை. மகிழ்ச்சி என்றனர்.

அவர்கள் பாடல்களில் சினம் இல்லை என்று நாம் கூறவில்லை. இட ஒதுக்கீட்டை ஏளனம் செய்வோர்க்கு விடை கூறும் பாட்டு உண்டு. மாட்டிறைச்சியைப் பற்றிய பாட்டு உண்டு. அண்ணல் அம்பேத்கரை வாழ்த்தும் பாட்டு உண்டு. இது கலையா, அரசியல் முழக்கமா என்று கேட்டோர் உளர். காதுக்கு இதமாக இல்லை என்றோரும் உளர். ஆனால் தறியருகே அமர்ந்து கேட்டபோது நமக்கு வேறொன்று புலப்பட்டது. இது கோர்வை நெசவு. பறையைக் கிதாருக்கு மெருகூட்டும் சரிகையாக அவர்கள் தைத்துவிடவில்லை. இரண்டும் தத்தம் வண்ணத்தில் நிற்கின்றன. ஒவ்வோர் அடியிலும் பூட்டப்பட்டிருக்கின்றன. அதற்கும் இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தாக வேண்டும்.

அப்படியானால் தோழருக்கு விடை கூற நமக்கு என்ன தயக்கம்? அதைச் சொல்லத்தான் வேண்டும்.

குருப்பட்டம் பெற்ற மூன்றாம் ஆண்டு அது. ஒரு பங்கில் மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். அவரது உடலைப் பறை முழங்கக் கோவிலுக்குக் கொண்டுவந்தனர். பறை இசைத்தவர் மூதாட்டியின் உடன்பிறந்த தம்பி. அவரும் நம் பங்கு மக்களுள் ஒருவரே. நாம் வாசலுக்குச் சென்று, "பறையை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்" என்றோம். மிகவும் பணிவாகவே சொன்னோம். அதை ஒரு பண்பாகவும் கருதிக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. தலையசைத்துவிட்டுப் பறையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். தம் அக்காளின் அடக்கத் திருப்பலி முடியும் வரை உள்ளே வரவே இல்லை.

அந்நாளில் குருமடத்தில் நாம் என்ன படித்திருந்தோம்? 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்கிறது. இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம். சங்கம் கூடுவதற்கு முன்னரே, 1958இல், காங்கோ நாட்டுச் சிறுவரும் பெரியவரும் தம் முரசுகளோடு இலத்தீன் திருப்பலியைப் பாடிப் பதிவு செய்த 'மிஸ்ஸா லூபா' இசைத்தட்டை வகுப்பறையில் கேட்டு வியந்திருந்தோம். காங்கோவின் முரசு நமக்கு இறைபுகழாகக் கேட்டது. நம் ஊர்ப் பறை மட்டும் தீட்டாகக் கேட்டது. தொலைவிலுள்ள ஏழையை நேசிப்பது எத்துணை எளிது!

நம் திரு அவையில் இதற்கு மாறாக நடந்தவர்களும் உண்டு. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா, தலித் இளம்பெண்களுக்குப் பறையைக் கற்பித்துச் 'சக்தி' கலைக்குழுவை நடத்தினார். மதுரையில் தென்னிந்தியத் திருச்சபைக் குருவான தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே அமைத்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயலும் இருத்தலாகாது என வலியுறுத்தினார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கெனத் தனிக் கொள்கை ஏட்டையே வெளியிட்டது. ஏடுகளுக்குக் குறைவில்லை. வாசலில் நிற்கும் மனிதரை உள்ளே அழைக்கும் பணியை ஏடு செய்யாது.

இவற்றில் வேண்டியதை மட்டும் தோழரிடம் கூறினோம். வாசலில் நின்ற அந்தத் தம்பியைப் பற்றியும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "எனக்கு அந்தச் சத்தம் கேட்டா எங்க அப்பா போன நாள்தான் சாமி ஞாபகம் வருது" என்றார் இறுதியில். அதுவும் உண்மையே. ஓர் இசையைச் சாவோடு மட்டும் கட்டிவைத்தால், கேட்பவரின் செவியும் அதோடு கட்டுண்டுவிடுகிறது. அவர் மகனைப் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஒலியைக் குறைக்க மட்டும் சொன்னார். முதல் தொகுப்பு ஒன்றிற்குக் கிடைக்கும் வரவேற்பு திடலில் திரண்ட நாலாயிரம் பேரோடு முடிந்துவிடுவதில்லை. இப்படியும் அது வீடு வீடாக நடக்கிறது.

அந்தத் தம்பியைத் தேடி அவரது பங்கிற்குச் சென்றோம். அவர் இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை நாமே கடத்திவிட்டோம்.

இவ்வாண்டுப் பாஸ்கா திருவிழிப்பில், நம் பங்கைச் சேர்ந்த பறைக்கலைஞர் நால்வரைக் கோவிலுக்கு அழைத்தோம். அவர்களுள் மூத்தவர், "யார் செத்தாங்க சாமி?" என்று கேட்டார். "யாரும் சாகவில்லை, உயிர்த்தெழுந்திருக்கிறார்" என்றோம். அவர் சிரித்தார். குடும்பங்கள் சில முகம் சுளித்தன. ஒரு குடும்பம் அன்றிரவு வேறு கோவிலுக்குச் சென்றது. அவர்களையும் நாம் இழக்க விரும்பவில்லை, சென்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பறையின் தோல் இறுகி ஓசை எழ, அதனைத் தீயில் காய்ச்ச வேண்டும். பாஸ்கா வழிபாடோ கோவில் வாசலில் புதுத்தீ மூட்டித் தொடங்குகிறது. பாஸ்கா திரியை ஏற்றியபின், நால்வரும் அந்தத் தீயைச் சுற்றி அமர்ந்து தம் பறைகளைக் காய்ச்சினர். மூத்தவர் விரலால் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நாம் முன்பே ஒரு வாசலில் கண்டிருக்கிறோம்.

இம்முறை, ஏற்றிய திரியின் பின்னே நால்வரும் பறையோடு உள்ளே நடந்தனர்.