கயிறு தொய்வாக இருக்கட்டும்

காலை ஆறு மணி. மேற்கே மலைத்தொடர் இன்னும் நீலம் கலையாமல் நிற்கிறது. இராஜபாளையத்தின் ஓரத்தில் இருந்த அந்தக் காலி மனைக்கு நான்கு குட்டிகள் வந்திருந்தன. மூன்று வெள்ளை, ஒன்று செவலை. எல்லாம் மூன்று, நான்கு மாதக் குட்டிகள். பார்வோ தடுப்பூசியை முறையாகப் போட்டு முடிக்காத குட்டியை, நாய் பழக்கும் அண்ணாச்சி இந்த மண்ணில் இறக்க விடுவதில்லை. வெயில் ஏறிவிட்டால் பாடமும் கிடையாது. "புறங்கைய ரோட்டுல வச்சுப் பாருங்க. நம்ம கை தாங்கலைன்னா அது உள்ளங்காலும் தாங்காது" என்றார்.

ஐம்பதைக் கடந்தவர். நூற்பாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே நாய் பழக்கியவர். இப்போது இதுதான் முழுநேர வேலை.

ஊரின் பெயரையே தாங்கிய நாய் இராஜபாளையம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்கு. பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம் என்பதால் வாங்கிய அன்றே கேட்டருகே சங்கிலியில் கட்டிவிடுகிறார்கள். அண்ணாச்சியின் வேலை பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. சங்கிலியைப் பார்த்ததும் உடம்பைச் சுருக்கிக்கொள்ளும் குட்டிக்குக் கயிறு என்பது வேறு என்று புரியவைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் வெறும் கழுத்துப் பெல்ட் மட்டும், இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்கு. பிறகு லேசான நாடா ஒன்றைக் கோத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, அதன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டு திரிய விடுகிறார்கள். அது பழகிய பிறகே மறுமுனை மனிதர் கைக்கு வருகிறது.

செவலைக் குட்டியைக் கொண்டுவந்த அம்மா கயிற்றை இழுக்க, குட்டி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. "வர மாட்டேங்குதுண்ணே."

"நீங்க இழுக்கீங்கம்மா, அது எதிர்த்து இழுக்கு. மாட்டுக் கயித்த இழுத்தா மாடு என்ன செய்யும்? அதேதான்." கயிற்றை வாங்கியவர் குட்டிக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் குந்தினார். கயிறு தரையில் தொய்ந்து கிடந்தது. விரலிடுக்கில் பட்டாணி அளவு வேகவைத்த ஈரல். குட்டி ஓரடி வைத்தது. "சபாஷ்!" அதன் பிறகுதான் ஈரல். இந்த வரிசையில் அவர் மிகக் கண்டிப்பு. "தீனிய எடுத்துக் குடுக்கதுக்குள்ள அது திரும்பிரும், குதிச்சிரும். எதுக்குக் கிடைச்சுதுன்னு அதுக்குத் தெரியாமப் போயிரும். நல்லது செஞ்ச அந்த நொடியிலேயே வார்த்தை விழணும்."

முன்னால் பாய்ந்து இழுத்தால் அவர் அப்படியே நின்றுவிடுகிறார். அதட்டுவதில்லை, சுண்டுவதில்லை. குட்டி திரும்பிப் பார்த்து, கயிறு தொய்ந்ததும் நடக்கிறார். இழுத்தால் வழி அடைபடும், தொய்ந்தால் வழி திறக்கும். குட்டி இதைக் கண்டுபிடிக்கும் வரை ஐம்பதடி மனையைக் கடக்கக் கால் மணி நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை ஓய்வு. ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தக் குட்டிக்கும் ஒரே மூச்சில் பாடம் ஓடுவதில்லை.

உட்காரப் பழக்குவது இதைவிடச் சுலபம். தீனியை மூக்குக்கு மேலே கொண்டுபோய் மெல்லப் பின்னால் நகர்த்தினால் தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் அமரும். வீட்டில் பாட்டி 'உக்காரு' என்பதும் பேத்தி 'சிட்' என்பதும்தான் சிக்கல். எந்த மொழியானாலும் வீட்டுக்கு ஒரே சொல் என்கிறார். கூப்பிட்டு வந்த குட்டியைத் திட்டவும் கூடாது. அடுத்த முறை அது ஏன் வரப்போகிறது?

நான்காவது குட்டியிடம்தான் நான் நெடுநேரம் நின்றேன். வெள்ளைக் குட்டி. "சரியான பிடிவாதம் அண்ணாச்சி. பேரைச் சொன்னா திரும்பவே மாட்டேங்கான்" என்றார் அதை வளர்க்கும் இளைஞர். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. குட்டி மண்ணில் தலை சாய்க்கும் வரை காத்திருந்து, பூனை நடையில் பின்னால் போய்ச் சாவிக்கொத்தைக் குலுக்கினார். மற்ற மூன்று குட்டிகளும் திரும்பின. இது அசையவில்லை. இன்னொரு முறை. அப்போதும் இல்லை.

வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரக்கூடிய காது கேளாக் குறை இது. உட்காதுக்குள் நிறமிச் செல்கள் இல்லாத நாய்களுக்குப் பிறந்த மூன்று, நான்கு வாரங்களில் கேட்கும் பகுதி நலிந்துபோகிறது. இராஜபாளையம் இனத்தில் இது அரிதல்ல. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி வெளிக்குத் தெரியாமலே வளர்ந்துவிடும். காதிலிருந்து மூளைக்குப் போகும் மின் அலையை அளந்து பார்த்தால்தான் உறுதியாகும்.

எனக்கு எங்கள் வீட்டு நாய் நினைவுக்கு வந்தது. அதுவும் வெள்ளை. கூப்பிட்டால் வராது என்று என் சிறுவயதில் எத்தனை அடி வாங்கியது! திமிர் என்று நாங்கள் நம்பியிருந்தோம். அந்த மனையில் நின்றபோது நெஞ்சு கனத்தது.

அண்ணாச்சி அந்த இளைஞரின் கையைப் பிடித்துச் சைகை சொல்லிக்கொடுத்தார். கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ், உடனே தீனி. உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார். தன் நெஞ்சைத் தொட்டால் வா. குட்டி தானாக முகம் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கூலி உண்டு. கண் நம்மிடம் இல்லையென்றால் எந்தச் சைகையும் போய்ச் சேராது. தூங்கும்போது திடீரென்று தொடாமல், முதலில் மூக்கருகே கையைக் காட்டி வாசனை பிடிக்க விட வேண்டும். திறந்தவெளியில் கயிறில்லாமல் விடவே கூடாது. வண்டி வருவது அதற்குக் கேட்காது. அரை மணி நேரத்தில், இடையிடையே ஓய்வு கொடுத்து, குட்டி மூன்று முறை உட்கார்ந்தது. இளைஞர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குட்டி வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரத்திலேயே அது தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிடிவாதம் என்று சொல்லிக் கை ஓங்காதீர்கள்.