உயரத்துக்கேற்ற கலவை

சென்ற கோடையில் ஒரு நாள் முற்பகல். கொலராடோ மாநிலத்தில், டென்வருக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் அமைந்த சிறு விமானத் தளம். நண்பர்கள் மூவர் கூட்டாக வாங்கிய 1946-ஆம் ஆண்டுப் பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் முன்னிருக்கையில் என் பதினான்கு வயது மகன் அமர்ந்திருந்தான், பின்னிருக்கையில் நான். விசையை முழுவதும் முன்னே தள்ளினேன். எஞ்சின் முழங்குவதற்குப் பதில் இருமியது. ஓடுபாதையில் பாதி கடந்தும் சக்கரங்கள் தரையை விடவில்லை. விசையை மூடி விமானத்தை நிறுத்தினேன்.

"ஏன் வாப்பா நின்றுவிட்டோம்?" என்றான் மகன். எனக்கு விடை தெரியவில்லை.

தளத்திலிருந்த முதிய மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். வெளிர் பழுப்பாக இருக்கவேண்டிய முனைகளில் கரி படிந்திருந்தது. காரணம் எளியது. கார்பரேட்டர் தன் வழியே செல்லும் காற்றின் எடையை அறியாது. காற்றோட்டம் உண்டாக்கும் உறிஞ்சலுக்கு ஏற்பவே பெட்ரோலை விடும். மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. ஆனால் பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. கலவை செறிந்து, எஞ்சின் திணறுகிறது.

இதற்காகவே அந்த ஸ்ட்ராம்பெர்க் கார்பரேட்டரில் கலவையைக் கட்டுப்படுத்தும் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. மிதவை அறையின் காற்றழுத்தத்தைச் சற்றே குறைத்து, பெட்ரோல் வரத்தை அது மட்டுப்படுத்தும். எங்கள் விமானத்திலோ, முன்பு யாரோ அதை 'முழுச் செறிவு' நிலையிலேயே கம்பியால் கட்டிவைத்திருந்தார். தாழ்நிலத்தில் பறந்தவருக்கு அது தேவைப்பட்டிராது.

"பெட்ரோல் செல்லும் முதன்மை ஜெட்டையே சிறியதாக மாற்றிவிட்டால் என்ன?" என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். "இங்கே நன்றாக ஓடும். ஆனால் ஒரு நாள் சமவெளிக்கு இறங்குவீர்கள். அங்கே காற்று அடர்ந்திருக்கும், பெட்ரோல் போதாது. எஞ்சின் அளவுமீறிச் சூடேறும், வால்வுகள் கருகும். இடத்துக்கு இடம் மாறவேண்டியதை ஓரிடத்துக்காக நிலைப்படுத்தாதீர்கள்" என்றார்.

கார்பரேட்டரைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றினார். மிதவை அறையின் பெட்ரோல் மட்டத்தைச் சரிபார்த்தார். நெம்புகோலுக்குப் புதிய கம்பி இழுத்து விமானி அறைவரை கொண்டுவந்தார். மெல்லோட்டத் திருகை எஞ்சின் சீராக ஓடும்வரை திருப்பி, பிறகு சற்றே செறிவின் பக்கம் விட்டார். அத்திருகு மெல்லோட்டத்தை மட்டுமே ஆளும். உயரே பறக்கும்போது உதவாது. பலர் அதையே திருப்பித் திருப்பி ஏமாறுகிறார்கள் என்றார். செய்த வேலை முழுவதையும் விமானத்தின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம் விடியலின் குளிர்ச்சியில் நான் மட்டும் பறந்தேன். புறப்படுமுன் எஞ்சினை முழுவேகத்தில் ஓடவிட்டு நெம்புகோலை மெல்ல நகர்த்தினேன். சுழற்சி கூடிக்கூடி வந்து, ஓரிடத்தில் உச்சம் தொட்டுக் குறையத் தொடங்கியது. அந்த உச்சத்திலிருந்து சிறிது செறிவுக்குத் திரும்பி நிறுத்தினேன். இருமல் இல்லை. விமானம் தரையை விட்டது.

ஆயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. கலவையைச் சீராக்குவதால் மெலிந்த காற்று அடர்ந்துவிடாது. கடல் மட்டத்தில் 65 குதிரைத்திறன் தரும் எஞ்சின், ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று விழுக்காடு வீதம் திறன் இழக்கிறது. வெப்பம் ஏறினால் இன்னும் இழக்கும். ஆகவே இப்போது நாங்கள் விடியலில் மட்டுமே, பெட்ரோலையும் குறைத்து ஏற்றிக்கொண்டு பறக்கிறோம்.

மகன் மீண்டும் முன்னிருக்கையில் அமர்கிறான். இறங்கத் தொடங்கும்போது நெம்புகோலைச் செறிவுக்குத் தள்ள நான் மறந்துவிடாதபடி, "வாப்பா, கலவை" என்று நினைவூட்டுவது அவன் பொறுப்பு. அன்று அவன் கேட்ட கேள்விக்கு இன்று அவனே விடை சொல்வான்.