ரைபிள் பழசா, நான் பழசா?

போன வருஷ என்சிசி கேம்ப்ல நான் சுட்ட 5 குண்டும் அஞ்சு திசையில போச்சு. ஒண்ணு அட்டையிலயே படலை. "ரைபிள் ரொம்பப் பழசு சார், குழல் தேஞ்சிருக்கு"ன்னு ஹவில்தார்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சுட்டுப் போயிட்டார்.

எனக்கு மனசே ஆறலை. பழைய துப்பாக்கின்னா குறி தப்பும்னு நிரூபிக்க ஆதாரம் தேட ஆரம்பிச்சேன். (பி.காம் பையனுக்கு ஏன் இந்த வேலை? அடுத்த நாள் காஸ்டிங் பரீட்சை, அதான்!) கிடைச்சதெல்லாம் எனக்கு எதிரான சாட்சி.

18ம் நூற்றாண்டுல, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறின ஜெர்மன் கைவினைஞர்கள் நீளக் குழல் ரைபிள் செஞ்சாங்க. குழலோட வாய் வழியா கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வச்சு, கம்பியால உள்ளே தள்ளணும். அந்தக் காலத்து சாதா மஸ்கட் 100 கஜம் தாண்டினா சாமி விட்ட வழி. இந்த ரைபிள் தேர்ந்த கையில 200 கஜத்துல ஆளை அடிக்கும். குழலுக்குள்ள சுருளா வெட்டின வரிப்பள்ளம் குண்டைச் சுழல வைக்கிறதுதான் வித்தியாசம்.

இதுக்காகவே 1933ல ஆரம்பிச்ச சங்கம் ஒண்ணு இருக்கு. இந்தியானா மாநிலத்துல பிரண்ட்ஷிப்ங்கிற குட்டி ஊர்ல போட்டி நடத்துறாங்க. இந்த ஆட்கள் பண்றது அப்படியே நம்ம வேரியன்ஸ் அனாலிசிஸ்! 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு. மிச்ச இடைவெளியை எண்ணெய் தடவின துணித்துண்டு அடைக்கும். சுட்டதும் முன்னாடி போய் அந்தத் துணியைப் பொறுக்கிப் பார்ப்பாங்க. கருகி ஓட்டை விழுந்திருந்தா துணி மெல்லிசு, இல்லைன்னா மருந்து ஜாஸ்தி. வெட்டுப்பட்டிருந்தா வரிப்பள்ள விளிம்பு கூர். தரையில கிடக்கிற அந்தத் துணிதான் வவுச்சர். ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துவாங்க. மருந்தையும் துணியையும் சேர்த்து மாத்தினா எது காரணம்னு தெரியாதே.

கரிமருந்து கசடு கட்டும், அதனால ஒவ்வொரு வேட்டுக்கும் நடுவுல ஈரத்துணி விட்டுத் துடைக்கணும். குண்டு மருந்து மேலயே உட்காரணும், அதுக்குக் கம்பியில ஒரு கோடு. இடைவெளி விட்டா குறி மட்டுமில்லை, குழலே வெடிக்கலாம்.

ஆனா என்னை மாட்டி விட்டது சக்கிமுக்கிக்கல் ரகம். விசையை இழுத்தா கல் உரசி, வெளியில மருந்து பத்தி, அப்புறம்தான் உள்ளே வெடிக்கும். அந்தச் சின்ன இடைவெளியில, முகத்துக்குப் பக்கத்துல நெருப்பு எரியறப்போ, அசையாம நிக்கணும். பயந்தவன் குட்டு அங்கேயே வெளியாகிடும். கல்லுக்குப் பதிலா மரத்துண்டு வச்சு வெறுமனே இழுத்துப் பழகுறவங்க இருக்காங்களாம்.

இந்த வருஷ கேம்ப். ஹவில்தார் எனக்குத் தெரியாம காலித் தோட்டாவை வச்சு பாயிண்ட் டூ டூ ரைபிளைக் கையில கொடுத்தார். இழுத்தேன். 'டிக்'. குண்டே இல்லை, ஆனா குழல் முனை கீழே குதிச்சது. என் கண்ணும் மூடியிருந்தது. பின்னாடி பசங்க மொத்தப் பேரும் பார்த்துட்டாங்க.

"என்ன தம்பி, ரைபிள் பழசா?"

அரை மணி நேரம் வெறும் டிக், டிக். அப்புறம் 5 நிஜத் தோட்டா. நாலு ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கிச்சு. அஞ்சாவது எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க.